ஞாயிற்றுக்கிழமைப் படகு

ஆரணி ஆற்றில் படகில் போய்வரலாமா என்று என் கணவர் கேட்டபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். மாமியார் இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. கும்மிடிப்பூண்டி வீட்டின் முன்னறையில் அவருடைய கட்டில் கிடந்த இடம் அப்போதும் காலியாகவே இருந்தது. அங்கே எதைக் கொண்டுபோய் வைப்பது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. என் கணவர் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றபடி, ஆலையில் கூட வேலை செய்பவர் மூலமாகப் பழவேற்காட்டுப் படகுக்காரர் ஒருவரைப் பிடித்திருப்பதாகச் சொன்னார். பொன்னேரிக்குக் கீழே ஆற்றில் ஏறினால் ஏரி வழியாக முகத்துவாரம் வரைக்கும் போகலாமாம். தை மாதம், ஆற்றில் நல்ல தண்ணீர் கிடக்கிறதாம். "நீ ரொம்ப நாளா ஆசப்பட்டியே" என்றார்.

நான் ஆசைப்பட்டது உண்மைதான். ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் நெல்வயலின் கடைசி வரப்பைத் தாண்டினால் இந்த ஆறுதான். வருடத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கும். ஆந்திரப் பக்கம் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் ஒரே இரவில் கரை தொட்டுப் போகும். வெள்ளம் வடிந்ததும் மணலில் அங்கங்கே மடுக்கள் தங்கும். நான் நீச்சல் பழகியது அந்த மடுக்களில்தான். இந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று நைனாவைக் கேட்டால், கடலுக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவரும் அதைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில், மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே இவரிடம் சொன்னேன், ஒரு நாள் படகில் ஏறி இந்த ஆறு கடலில் போய்ச் சேரும் இடம்வரை போக வேண்டும் என்று. அவர் சிரித்துக்கொண்டு, போகலாம் என்றார். அதற்குப் பிறகு வேலை, மகளின் படிப்பு, வாடகை வீடு மாற்றுவது என்று காலம் ஓடியதில் நானே அதை மறந்துபோயிருந்தேன். அவர் ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று, களைந்த அரிசியையே அன்றைக்கு இன்னொரு தடவை களைந்தேன்.

நடுவில் இருந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் படகில் நடந்ததைச் சொன்னால் என் கோபம் யாருக்கும் புரியாது.

அவர் சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறார். நான் அதே வளாகத்தில் மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தேன். மகள் வேலை கிடைத்து பெங்களூர் போன வருடம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் பாதி போய்விட்டது. ஆள் வைத்துப் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். வெளியாள் கையால் அம்மா சாப்பிடாது என்றார் அவர். அதுவும் சரிதான் என்று நினைத்து வேலையை விட்டேன். பிறகு என்னுடைய நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆயின. காலையில் துடைத்துத் துணி மாற்றுவது, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது. மாமியார் நல்லவர். தன்னால் எனக்குக் கஷ்டம் என்று தெரிந்து, அசைகிற இடது கையால் என் கையைப் பிடித்துக்கொள்வார். சில நேரம் அந்தப் பிடியை விடுவித்துக்கொண்டு எங்காவது ஓடிப்போய்விடலாமா என்றிருக்கும்.

ஞாயிறு ஒரு நாளாவது அவர் வீட்டில் இருந்தால் நான் கொஞ்சம் வெளியே போய் வரலாம் என்று எதிர்பார்த்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலையில் ஓவர்டைம் இருந்தது. உலை நிற்கிற நாளில்தான் பராமரிப்பு வேலை பார்க்க முடியும், வேறு வழியில்லை என்று சொன்னார். நான் அதை ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. விடியலில் எழுந்து எலுமிச்சம்பழ சாதமோ புளிசாதமோ கிளறி, கூடக் கொஞ்சம் அதிகமாகவே வைத்துக் கட்டிக் கொடுப்பேன். கூட வேலை செய்கிறவர்களும் சாப்பிடுவார்கள் என்று அவர்தான் கேட்பார். யூனிஃபாரம் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்புவார். சாயங்காலம் வரும்போது பல ஞாயிறுகளில் இறாலோ நண்டோ வாங்கி வருவார், பொன்னேரி சந்தையில் வாங்கினதாக. அவ்வளவு வேலை செய்துவிட்டு வீட்டையும் நினைத்துக்கொண்டு வாங்கி வருகிறாரே என்று நான் உட்கார்ந்து ஆய்ந்து குழம்பு வைப்பேன்.

ஒரு ஞாயிறு என்னால் மறக்கவே முடியாது. மாமியார் கட்டிலிலிருந்து சரிந்து கீழே விழுந்துவிட்டார். நெற்றியில் அடி. எனக்குத் தூக்க முடியவில்லை. இவருக்குப் போன் செய்தேன், சுவிட்ச் ஆஃப். திரும்பத் திரும்பச் செய்தேன். கடைசியில் மாடியில் குடியிருந்த ஒடிசாக்காரப் பையன்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, அவர்கள் வந்து தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். சாயங்காலம் இவர் வந்ததும் கேட்டேன். உலைப் பக்கம் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றார். பிறகு அம்மாவின் நெற்றியைத் தடவிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் ஒரு பை நிறைய நண்டு கொண்டுவந்திருந்தார்.

படகில் போன நாளுக்கு வருகிறேன். பொன்னேரியைத் தாண்டி, கடைசித் தடுப்பணைக்குக் கீழே ஒரு ஆலமரத்தடியில் படகு நின்றிருந்தது. ஃபைபர் படகு, பின்னால் இன்ஜின். படகுக்காரருக்கு நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். காட்டுப்பள்ளிப் பக்கம் குப்பத்தில் இருக்கிற தன் தம்பிக்கு வலை கொண்டுபோக வேண்டும், அதனால் முகத்துவாரம் பார்த்துவிட்டுக் கால்வாய் வழியாக அதுவரைக்கும் போகலாம், அங்கிருந்து பஸ் இருக்கிறது என்றார். வலை மூட்டையின் மேல் ஒரு சாக்கை விரித்து எனக்கு இடம் செய்து கொடுத்தார். பிறகு முன்பலகைக்கு அடியில் கையை விட்டு, மடித்த லுங்கி ஒன்றையும் பழைய தொப்பி ஒன்றையும் எடுத்து என் கணவரிடம் நீட்டினார். இவர் வாங்கிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு என் பக்கம் பார்த்தார். படகுக்காரர் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். படகில் வருகிறவர்களுக்கு எல்லாம் கொடுப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு நான் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. எங்கள் ஊரில் மணலாகக் கிடக்கிற அதே ஆறுதான் இது என்று நம்பவே முடியவில்லை. இரண்டு கரையிலும் கோரை, அதற்குப் பின்னால் நெல் அறுத்த வயல்கள். கொக்குகள் படகு நெருங்கும்வரை அசையாமல் நின்றுவிட்டு, கடைசி நிமிடத்தில் சலித்துக்கொண்டதுபோல எழுந்து போயின. நான் கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டே வந்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு யாருக்கும் எதுவும் செய்ய வேண்டியிராத ஒரு காலை நேரம். அவர் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்வதில் எனக்கு இப்போதும் கூச்சம்தான், ஆனால் இருந்தேன்.

முதலில் ஒரு பாலத்துக்குக் கீழே நிறுத்தினோம். சிமெண்டுப் படிகள் இறங்குகிற சின்ன துறை. இறால் பண்ணைக்காரர்களின் படகுகள் இரண்டு மூன்று கட்டிக் கிடந்தன. மேலே ஓலைக் கொட்டகையில் ஒரு அம்மா டீயும் நாஷ்டாவும் போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் படியேறிப் போய் உட்கார்ந்ததும், கேட்காமலேயே டீ கொண்டுவந்தார். எனக்குக் காகிதக் கோப்பையில். இவருக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில், இஞ்சி தட்டிப் போட்டு, சர்க்கரை கம்மியாக. இவர் வீட்டில் குடிப்பது அப்படித்தான். நான் அந்த டம்ளரைப் பார்த்தேன். அதன் விளிம்பில் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அந்த அம்மா இவரைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். பின்னாலேயே வந்த படகுக்காரர் சட்டென்று தனக்கு நாலு இட்லி வேண்டும் என்றார். பேச்சு அங்கேயே நின்றுபோனது.

மறுபடி படகில் ஏறும்போது அந்த அம்மாவை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதே என்றார். கேட்காமலேயே அவருக்கு இஞ்சி டீ வந்ததே என்று நினைத்தேன். ஆனாலும் ஒரு டம்ளரை வைத்து என்ன சொல்லிவிட முடியும்? நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கொஞ்ச தூரத்தில் கரைகள் இரண்டும் விலகிப்போய் ஏரி வந்துவிட்டது. பழவேற்காடு ஏரியை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். தண்ணீர் மட்டத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்றன, வெளுத்த இளஞ்சிவப்பாய், யாரோ துணி உலர்த்தியதுபோல. ஆழமில்லாத இடங்களில் படகுக்காரர் இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளினார். ஒரு இடத்தில் படகு சேற்றில் தட்டி நின்றது. அப்போது என் கணவர் எழுந்து, பக்கவாட்டில் கிடந்த இரண்டாவது கழியை எடுத்து, காலை அகட்டி நின்று ஊன்றித் தள்ளினார். படகு வழுக்கிக்கொண்டு போனது. அவர் நின்ற விதத்தைப் பார்த்தேன். முதல் தடவை படகேறின ஆள் அப்படி நிற்க மாட்டார். முதல் தடவை ஏறினவர், நான் காலையில் செய்ததுபோல, விளிம்பைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அந்தக் காலை நேரம் முடிந்துவிடும் என்று தெரிந்தது.

அது பழவேற்காட்டுத் துறையில் முடிந்தது. அங்கே படகு கட்டும் மேடையான ஜெட்டி நிறையப் படகுகள். மீன் ஏலம் ஓய்ந்து, ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் டீசல் வாங்கப் போனார், என் கணவரையும் கேனைப் பிடிக்கக் கூப்பிட்டுக்கொண்டு. நான் ஜெட்டியின் ஓரத்தில் நிழலில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இறாலை அளவு வாரியாகப் பிரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். மூக்குத்தி, முழங்கைவரை மேல்சட்டை, சிரித்த முகம்.

"நீங்க அண்ணனோட ஊட்டுக்காரம்மா தானே?" என்றாள்.

எந்த அண்ணன் என்று கேட்டேன். டீசல் கேனோடு போய்க்கொண்டிருந்த என் கணவரின் முதுகைக் கைகாட்டினாள். பிறகு முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, அம்மா காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்ததா என்று விசாரித்தாள். அண்ணன் ரொம்ப நாளாக வரவில்லையே, ஞாயிற்றுக்கிழமை ஆனால் துறையே வெறிச்சென்றிருக்கிறது என்றாள். தன் வீட்டுக்காரரும் படகுக்காரரும் இவரும்தான் எப்போதும் ஒன்றாக வலைக்குப் போவார்களாம். முதலில் வேடிக்கை பார்க்க வந்தவர் பிறகு வலை இழுக்கவே பழகிக்கொண்டாராம். எத்தனை நாளாக வருகிறார் என்று நான் கேட்டேன்.  அவள் கணக்குப் பார்க்க, தன் இரண்டாவது பிள்ளையைத் துணைக்கு எடுத்துக்கொண்டாள். அது வயிற்றில் இருந்தபோதே வந்தாராம். இப்போது அது பள்ளிக்கூடம் போகிறது.

"உங்க எலுமிச்ச சாதத்த நான் எத்தினி வாட்டி துன்னுகிறேன் தெரிமா, அண்ணி" என்றாள். "உங்களயும் இட்டாங்கன்னு சொல்லிகினே இருப்பேன். உங்களுக்குத் தண்ணின்னா பயம், போட்டுல ஏற மாட்டீங்கன்னு சொல்வாரு. இன்னிக்கு எப்பிடி வந்தீங்க?"

பயம் போய்விட்டது என்றேன். வேறு என்ன சொல்ல?

அவள் பேசிக்கொண்டே போனாள். கெட்ட எண்ணம் அவளிடம் துளியும் இல்லை. படுத்துக் கிடக்கிற அம்மாவை விட்டுவிட்டு எப்படி வருகிறீர்கள் என்று ஒரு தடவை தானே கேட்டதாகச் சொன்னாள். "அதுக்கு அண்ணன் இன்னா சொல்லிச்சின்னா, ஊட்ல ஒரு ஆள் வச்சிக்கிறேன், அது நல்லா பாத்துக்கும், கவல இல்லன்னு. நல்ல ஆளு கெடைக்கிறது கஷ்டம் அண்ணி. எங்க மாமியாருக்கு நாங்க பட்ட பாடு இருக்குதே."

கையில் இருந்த இறாலைப் பெரிய கூடையில் போட்டாள். நான் எழுந்து நின்றேன். அந்த ஆள் நான்தான் என்று அவளிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு அந்தச் சங்கடம்?

அவருக்கு வேறொரு பெண் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அழுதிருப்பேன், கத்தியிருப்பேன், என் அண்ணன்மாரைக் கூப்பிட்டிருப்பேன். ஊர் என் பக்கம் நின்றிருக்கும். இதில் யாரிடம் போய் என்ன சொல்வது? என் புருஷன் ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போனார் என்றால் சிரிப்பார்கள். நான் ஆசைப்பட்ட ஆற்றில், நான் கட்டிக் கொடுத்த சோற்றை எடுத்துக்கொண்டு, நான் அவருடைய அம்மாவின் அழுக்குத் துணியை அலசிய நேரத்தில் போனார். என்னை எங்கேயோ ஒரு சம்பள ஆளாக்கி வைத்துவிட்டுப் போனார். அவர் சொன்ன பொய்யில்கூட அவருடைய அம்மாவைப் பார்த்துக்கொண்டது அவர் மனைவி இல்லை.

இரண்டு பேரும் கேனோடு திரும்பி வந்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இறால்காரப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படகில் ஏறக் காலைத் தூக்கியவரிடம் சொன்னேன்.

"நீங்க ஏற வேணாம். பஸ்ல ஊட்டுக்குப் போங்க."

"சொல்றத கேளு" என்றார் மெதுவாக. "முகத்துவாரம் போய் நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"போங்க" என்றேன்.  சத்தம் போடவில்லை. சுற்றி ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். அவர் தூக்கிய காலைக் கீழே வைத்தார். பிறகு கேனைப் படகில் வைத்துவிட்டு, ஜெட்டியில் பின்வாங்கி நின்றுகொண்டார். படகுக்காரர் யாருடைய பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழித்தார். உங்களுக்குக் காட்டுப்பள்ளிக்கு வலை கொண்டுபோக வேண்டும்தானே, போகலாம் என்றேன். கயிறு அவிழ்ந்தது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தேன். அவர் கையில் சாப்பாட்டுப் பை இருந்தது. அன்றைக்கும் எலுமிச்சம்பழ சாதம்தான் கட்டியிருந்தேன்.

முகத்துவாரம் கொஞ்ச தூரம்தான். ஏரித் தண்ணீரும் கடலும் ஒரு மணல்திட்டின் ஓரமாகக் கலக்கிற இடம். உள்ளே வருகிற அலை ஒரு பக்கம் நுரைக்க, வெளியே போகிற தண்ணீர் இன்னொரு பக்கம் பழுப்பாக இழுத்துக்கொண்டு போனது. படகுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கழியை ஊன்றிப் பிடித்தார். நைனா ஒரே வார்த்தையில் சொல்லி முடித்த இடம் இதுதான். அது அழகாக இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெறும் சேறும் நாற்றமுமாக இருந்திருந்தால், போகட்டும், பாவம், இதற்குத்தானா வந்தார் என்று விட்டிருப்பேன். காற்றும் வெளிச்சமும் அந்த விரிந்த தண்ணீரும், இத்தனையையும் ஒவ்வொரு வாரமும் நான் இல்லாமல் பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து என் எதிரில் உட்கார்ந்து உலைச் சூட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார். அங்கேதான் அழுதேன். படகுக்காரர் மறுபக்கம் திரும்பி, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு கால்வாயில் தெற்கே திரும்பினோம். ஓரிடத்தில் பெண்கள் நாலைந்து பேர் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் சின்னக் கூடையைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டுப் படகைக் கரையோரம் ஒதுக்கினபோதுதான் படகுக்காரர் வாயைத் திறந்தார். என் கணவரின் ஆலையில் ஞாயிறு வேலை முதலில் சில மாதம் உண்மையாகவே இருந்ததாம். அதை நிறுத்திய பிறகும் வீட்டில் சொல்லாமல் கிளம்பி, எங்கே போவதென்று தெரியாமல் ஒரு நாள் ஆற்றங்கரைக்கு வந்து உட்கார்ந்திருந்தாராம். அப்போது பழக்கமாம்.

"எனக்கு ஊட்ல ஆள் வச்சிக்கிறாருன்னுதான் தெரியும் அண்ணி" என்றார். "அம்மா பூட்ட அப்புறம்தான் சொன்னாரு, பாத்துக்கினது நீங்கதான்னு. நீயே சொல்லிடுன்னேன். கூட்டிகினு வந்து சொல்றேன்னாரு."

அது நிஜமா, நண்பருக்காகச் சொல்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று காலைவரை எந்த வார்த்தையையும் நான் அப்படித் திருப்பிப் பார்த்ததில்லை.

காட்டுப்பள்ளியை நெருங்கும்போது துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் உயரமாகத் தெரிந்தன. படகுக்காரரின் தம்பி வலையை இறக்க வந்து நின்றிருந்தார். என்னைப் பார்த்து, அண்ணன் வரவில்லையா என்று கேட்டார். இங்கேயுமா என்று நினைத்துக்கொண்டேன். வரவில்லை என்று சொல்லிவிட்டு மேட்டில் ஏறினேன். மீஞ்சூர் பஸ்ஸும் பிறகு கும்மிடிப்பூண்டி ரயிலுமாக வீடு சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம்.

அவர் எனக்கு முன்னால் வந்து, சோறு வடித்து வைத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டில் கிடந்த காலி இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவரும் எதிரில் உட்கார்ந்தார். நடந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னார். வீட்டுக்குள் அந்த மருந்து வாசனையும் அம்மாவின் முனகலும் மூச்சு முட்டவைத்தன என்றார். ஒரு நாள் போனவருக்கு அப்புறம் நிறுத்த முடியவில்லையாம். அம்மா கட்டிலிலிருந்து விழுந்த அன்று எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், நண்டு வலை போட்டுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். போனை அணைத்துக் கரையில் பைக் பெட்டியில் வைத்திருந்தாராம்.

"எங்கிட்ட கேட்டிருந்தா போங்கன்னு சொல்லியிருப்பனே" என்றேன். "ஒரு ஞாயிறு நீங்க, ஒரு ஞாயிறு நானு. எனக்கும் மூச்சு முட்டிச்சி."

 "தெரியும்" என்றார். "கேட்டிருந்தா பாதிதான் கெடச்சிருக்கும். அதான் கேக்கல."

அவர் சொன்னதிலேயே அதுதான் முழு உண்மை. மற்ற சமாதானங்களைவிட அதை நான் மதித்தேன். மன்னிக்க முடியாமல் போனதும் அதனால்தான்.

நாங்கள் பிரியவில்லை. மகளிடமும் சொல்லவில்லை. முன்னறையில் ஒரு தையல் மெஷின் வாங்கிப் போட்டேன், பிறகு அதை விற்றுவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன். பழைய கம்பெனியில் இடமில்லை. பக்கத்தில் பேட்டரிக்குத் தட்டு செய்கிற இடத்தில் சோதனைப் பிரிவில் எடுத்துக்கொண்டார்கள். அவர் இனிமேல் ஆற்றுப் பக்கமே போவதில்லை என்றார். அப்படி ஒன்றும் வேண்டாம், போங்கள், சொல்லிவிட்டுப் போங்கள் என்றேன். மாதத்தில் ஒரு ஞாயிறு சொல்லிவிட்டுப் போகிறார். சாப்பாட்டை அவரே கட்டிக்கொள்கிறார். என்னையும் கூப்பிடுகிறார். நான் போனதில்லை. இறால்காரப் பெண்ணுக்கு மட்டும் ஒரு தடவை புடவை வாங்கிக் கொடுத்தனுப்பினேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவள் வாயிலிருந்து வந்திருக்காவிட்டால் யார் வாயிலிருந்தும் எனக்கு அது தெரிந்திருக்காது.

போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பெரும்பாலான நாட்களில் சரியாகத்தான் இருக்கிறது. போன மாதம் ஒரு சாயங்காலம் போன் செய்தார். உலையில் ஏதோ பழுது, முடித்துவிட்டு வர நேரமாகும், நீ சாப்பிடு என்றார். பின்னால் இரும்பு மோதுகிற சத்தமும் யாரோ கத்துவதும் தெளிவாகக் கேட்டது. சரி என்று போனை வைத்தேன். தோசைமாவை எடுத்து வெளியே வைத்தேன். பிறகு அடுப்பை மூட்டாமல், செருப்பைப் போட்டுக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்து ஆலை வாசலுக்குப் போனேன். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். யாரையும் இல்லை, ஒருவர் வரவேண்டும் என்று காத்திருக்கிறேன் என்றேன். கம்பிக் கதவு வழியாக வண்டிக் கொட்டகை தெரிந்தது. மூன்றாவது வரிசையில் அவருடைய பைக் நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வந்து தோசை ஊற்றிச் சாப்பிட்டேன். அவர் கரியும் வியர்வையுமாக, அலுத்துப்போய் வந்தார். எங்காவது வெளியே போனாயா என்று கேட்டார். இல்லை என்றேன்.